துண்டுக்குள்ளே ஒரு ஜெபம்

சத்தியநாதன் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஆட்டுத் தரகு பார்ப்பது ஆண்டவருக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். திண்டுக்கல்லில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை விடிவதற்குள் பொன்னுத்துரையின் வேனில் ஏறி அய்யலூர் சந்தைக்குப் போய்விடுவார். சாணார்பட்டிப் பக்கத்து விவசாயிகள் ஆடு கொண்டு வருவார்கள். டவுன் பிரியாணிக் கடைகளுக்கு ஆடு பிடிக்கிறவர்கள் வருவார்கள். நடுவில் சத்தியநாதன் நிற்பார், தோளில் துண்டோடு.

அந்தத் துண்டுதான் தொழில். விலையை வாயால் பேசுவது கிடையாது. துண்டை விரித்துப் போட்டு, அதற்கடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, விரல்களை அழுத்தி விலை சொல்வார்கள். ஊரே சுற்றி நின்று பார்த்தாலும் விலை அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். துண்டுக்கு வெளியே முகம் சும்மா இருக்கவேண்டும். சத்தியநாதன் தொழிலுக்கு வந்த புதிதில் கற்றுக்கொண்ட முதல் விதி அது. ஆடு பிடித்துப்போனால் வானத்தைப் பார். ரொம்பப் பிடித்துப்போனால் டீ குடிக்கக் கிளம்பு. வேண்டும் என்று கண்ணில் தெரிந்துவிட்டால் நீ தொலைந்தாய். இத்தனை வருடத்தில் அவர் கண்ணில் எதுவும் தெரிந்ததில்லை. முகம் அப்படியே சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. அதற்குக் கமிஷன் கிடையாது. சபையில் மன்றாட்டு நேரம் வந்தால் ஆயர் கண்ணைத் திறக்காமலே "சத்தியநாதன் ஐயா" என்பார். புது வீட்டில் பால் காய்ச்சினால், பிள்ளை பரீட்சை எழுதப் போனால், மாமியாரும் மருமகளும் தனித்தனி அடுப்பு பற்றவைத்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல குரல். எடுத்த எடுப்பில் ஆண்டவரைப் புகழுவார், விற்கிறவனின் கொட்டகையைப் புகழுவதுபோல. பிறகு வாங்க வந்தவனின் கஷ்டத்தைச் சொல்லுவார். இரண்டு பக்கமும் இளகி வருகிற நேரம் பார்த்து ஆமென் போட்டு முடித்துவிடுவார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். காபி வரும்.

சபையில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சத்தியநாதனுக்கு ஆண்டவர் மேல் ஆசை விட்டுப்போயிருந்தது. நம்பிக்கை போகவில்லை, அது வீட்டுப் பத்திரம் மாதிரி பத்திரமாக இருந்தது. ஆசைதான் இல்லை. கல்யாணமான புதிதில் அவரும் மனைவி கிருபாவதியும் அடுப்பு மூட்டுவதற்கு முன் உட்கார்ந்து வேதம் வாசிப்பார்கள். ஒரு அதிகாரம் என்று தொடங்கி, மூடிவைக்க மனசில்லாமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அது எப்போது நின்றது என்று அவருக்கு ஞாபகமில்லை. சண்டை போட்டு நின்றிருந்தால் தேதியாவது தெரியும்.

*

அப்துல் லத்தீப் படுக்கையில் விழுந்தபோது சத்தியநாதன் பேகம்பூருக்கு அவரைப் பார்க்கப் போனார். லத்தீப் பாய் பிரியாணிக் கடைகளுக்கு ஆடு பிடிப்பவர். இருவரும் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து துண்டுக்கடியில் கை பிடித்தவர்கள்.

"வாய்யா தரகரே, உக்காரு. பித்தப்பையில கல்லாம். மலைக்கோட்டையில இருந்து உருண்டு வந்துச்சான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். சிரிக்க மாட்டேங்குறான்யா அந்த ஆளு."

பாயின் மனைவி காதர் பீவி டீயைக் கொண்டுவந்து வைத்தார். "வாய் மட்டும் கொறையல அண்ணே. ஆனா சோறு எறங்கல. மயக்க ஊசியின்னு சொன்னதுல இருந்து மனுசன் மனுசனா இல்ல."

"நீ செத்த சும்மா இரு" என்றார் பாய். பிறகு சத்தியநாதன் பக்கம் திரும்பினார். "நீ ஊருக்கெல்லாம் ஜெபம் பண்றியாமே. எனக்கும் ஒரு வார்த்தை பேசு. நான் என் பங்குக்குத் தொழுதுக்கிட்டுதான் இருக்கேன். நீயும் சொன்னா குத்தமா?"

"இதுல என்ன குத்தம் பாய்" என்று சத்தியநாதன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, பாயின் கையைப் பிடித்தார். வயிற்றுக்குமேல் கிடந்த போர்வை இரண்டு கைகளையும் மூடிக்கொண்டது. கண்ணை மூடி ஆரம்பித்தார்.

நல்ல ஜெபம்தான். இம்மட்டும் நடத்தி வந்த தயவுக்கு நன்றி சொல்லி, வைத்தியருக்கெல்லாம் வைத்தியரானவரே என்று ஏறி, டாக்டர் கையிலிருக்கிற கத்தியை ஆசீர்வதித்து, பிள்ளைகுட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். பாதை பழகிய மாடு மாதிரி வாய் தானாக நடந்துகொண்டிருந்தது. மனசு எங்கே போயிற்று என்று அவர் கவனிக்கவில்லை. அது சாணார்பட்டியில் இருந்தது. போன வாரம் அங்கேயிருந்து வந்த கறுப்புக் கிடா இரண்டை, விலை படியாமல் பாய் விட்டுவிட்டுப் போயிருந்தார். நல்ல கிடா.

போர்வைக்கடியில் சத்தியநாதனின் கை பாயின் மூன்று விரலைச் சேர்த்து அழுத்தியது.

பாய் கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் திருப்பி அழுத்தினார். இரண்டு.

வாய் பரலோகத்தில் இருந்தது. கை மறுபடி மூன்றை அழுத்தி, பெருவிரலால் சற்றுத் தட்டியும் கொடுத்தது. கொஞ்சம் ஏறி வா என்று அர்த்தம். பாய் இரண்டைப் பிடித்து, அரை கூட என்று நான்காம் விரலை மடக்கினார். ஆமென் வந்துவிட்டது.

"ஆமீன்" என்றார் பாய். ஒரு கண்ணைத் திறந்தார். "ரெண்டரைக்கு மேல ஏலாதுன்னு சொல்லு."

"எது பாய்?"

"அதான் சாணார்பட்டிக் கிடா. இம்புட்டு நேரம் அதத்தான பேசிக்கிட்டிருந்த?"

சத்தியநாதன் போர்வையை விலக்கிப் பார்த்தார். அவர் கை இன்னும் பாயின் விரலைப் பிடித்தபடியே இருந்தது. காதர் பீவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். பாய் சிரிக்க முயன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அல்லா, சிரிக்க வைக்காதய்யா, கல்லு குத்துது" என்று திணறினார்.

சிரிப்பு அடங்கியபின் பாய் கையை விடவில்லை. "ஏம்ப்பா, கேலி பண்ணல. ஆபரேசன் திங்கக்கெழம வச்சிருக்காக. அன்னைக்குக் காலையில ஒருக்கா வா. வெரல மடக்கி வச்சுக்கிட்டு, நெசமா ஒரு வார்த்தை சொல்லு. எனக்குப் பயமா இருக்குப்பா."

"வாரேன் பாய்" என்றார் சத்தியநாதன். சுண்ணாம்புச் சுவர் அப்படியே இருந்தது. ஆனால் மத்தியான வெயிலில் பேகம்பூரிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தார். டவுன் பஸ் இரண்டு அவரைத் தாண்டிப் போயின. நெசமா ஒரு வார்த்தை. இருப்பில் இல்லாத சரக்குக்கு அவர் இதுவரை யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

*

கிருபாவதி அடுப்படியில் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தியநாதன் வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

"கிருபா, நான் ஜெபம் பண்ணும்போது உனக்கு என்ன தோணும்?"

"சீக்கிரம் முடிச்சா தேவலன்னு தோணும். சோறு ஆறுதுல்ல."

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடுறேன்? முன்னாடியெல்லாம் நடுவுல நின்னுருவீங்க. வார்த்தை வராது. நான் ஒத்தக் கண்ணத் தெறந்து பாப்பேன், என்ன ஆச்சு மனுசனுக்குன்னு. இப்ப நிக்கிறதே இல்ல. எக்ஸ்பிரஸ் மாதிரி போறீங்க." அவரைக்காயின் நாரை உரித்துப் போட்டாள். "ஏன், யாராச்சும் எதும் சொன்னாங்களா?"

அவர் நடந்ததைச் சொன்னார். கிருபாவதி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காய்ச்சட்டியை அலசப் போனாள். சத்தியநாதனுக்கு அது வேறு தண்ணீர் என்று தெரிந்தது. தெரியாத மாதிரி வானத்தைப் பார்த்தார். வீட்டுக்குள் வானம் இல்லை, ஃபேன்தான் இருந்தது.

சாப்பிட்டபின் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கட்டிலோரம் முழங்கால் போட்டார். "இம்மட்டும் நடத்தி வந்த" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். யாருக்காக? வாங்குகிறவனும் இல்லை, விற்கிறவனும் இல்லை. ஆடு கட்டாத நாளில் சந்தைத் திடலில் துண்டும் தோளுமாக ஒருவன் நின்றால் நாய்கூட ஏற இறங்கப் பார்க்கும். அப்படித்தான் இருந்தது. அடுத்தவர் வீட்டுக் காரியம் ஏதாவது இருந்தால் அவரால் ஒரு மணி நேரம் பேச முடியும். தனக்கென்று ஒரு வாக்கியம் வரவில்லை. முழங்கால் வலித்தது. எழுந்து உட்கார்ந்து வேதத்தை எடுத்தார்.

அவருடைய வேதம் நன்றாக உழைத்த புத்தகம். பக்கம் பக்கமாகப் பென்சிலில் கோடு போட்டிருந்தார். கோட்டின் ஓரத்தில் குறிப்பும் உண்டு: கல்யாணம், பால் காய்ச்சு, கண் ஆபரேஷன், கோர்ட் கேஸ். எந்த வீட்டுக்கு எந்த வசனம் என்று தேடாமல் எடுக்க வசதி. மளிகைக் கடையில் டப்பாவுக்குச் சீட்டு ஒட்டுகிற மாதிரி. புரட்டிக்கொண்டே போனபோது ஒரு தீர்க்கதரிசியின் அதிகாரத்தில், கீழே பாதியில் கோடு இருந்தது; பயணம் போகிறவர்களுக்கு என்று எழுதியிருந்தது. மேலே ஆரம்பத்தில் ஒன்றுமில்லை. ஏன் விட்டோம் என்று வாசித்துப் பார்த்தார். புரிந்தது. அது சந்தைக் கூவல். சந்தைச் சத்தம் வீட்டிலும் எதற்கு என்று விட்டிருப்பார்.

தாகமாய் இருக்கிறவன் எவனாயிருந்தாலும் வா என்று கூவல் தொடங்கியது. கையில் காசில்லாதவனும் வா. வந்து வாங்கு. விலையில்லாமல் வாங்கு.

சத்தியநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரிப் பேச்சை அவருக்குத் தெரியும். அய்யலூரில் ஒருவன் சும்மா பிடித்துக்கொண்டு போ என்று ஆட்டை நீட்டினால், ஆட்டுக்கு நோவு, அல்லது ஆடு அவனுடையதில்லை. வில்லங்கம் எங்கேயாவது அடியில் இருக்கும். கண்டுபிடித்துவிடலாம் என்று கீழே வாசித்தார். வில்லங்கம் வரவில்லை. அப்பம் அல்லாத ஒன்றுக்கு ஏன் காசைக் கொட்டுகிறாய் என்று அது திருப்பி அவரையே கேட்டது. பக்கத்துக் கயிற்றில் கட்டிய சொத்தை ஆட்டைப் பார்க்கப் போகிறவனை அவரே அப்படித்தான் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அந்த அதிகாரத்தை முடித்துவிட்டு, அடுத்ததில் மறைத்து வைத்திருப்பார்களோ என்று அதையும் வாசித்தார். சாயங்காலம் கிருபாவதி காபிக்குக் கூப்பிட்டபோது, "இரு, பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

மறுநாளும் போய் உட்கார்ந்தார். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்த ஆட்டை, சும்மா அந்தப் பக்கமாகப் போவதுபோல் மறுபடி பார்க்கப் போவோமே, அந்த மாதிரி. இந்த முறை வில்லங்கத்தைத் தேடவில்லை. விற்கிறவரைப் பார்த்தார். அதுதான் விசித்திரமாக இருந்தது. தெருவில் நின்று தொண்டை கிழியக் கூவுகிறவனுக்கு ஆசையை மறைக்கத் தெரியாது. வா, கேள், கிட்டே வா, பிழைப்பாய் என்று ஒரே வேண்டல். தொழிலின் முதல் விதியையே அறியாத வியாபாரி. முதல் வரியிலேயே தன் கையை எல்லாரும் பார்க்கத் துண்டுக்கு வெளியே நீட்டிவிட்டார். இப்பேர்ப்பட்டவரிடமா இத்தனை வருடம் சுண்ணாம்புச் சுவராக நின்றோம் என்று சத்தியநாதனுக்கு வெட்கமாக வந்தது. ஆசையை மறைத்து மறைத்து, கடைசியில் வைத்த இடம் அவருக்கே மறந்துவிட்டிருந்தது.

மறுபடி முழங்கால் போட்டார். "ஆண்டவரே" என்றார். வழக்கமான குரல் வரவில்லை. அடுப்படியில் பேசுகிற குரல்தான் வந்தது. "தாகமா இருக்கிறவன் வான்னு சொல்றீங்க. எனக்குத் தாகம் இல்ல. அதான் கஷ்டமே. அதையும் நீங்கதான் தரணும்போல. எனக்கு" என்று நிறுத்தினார். அந்த வார்த்தையை அவர் சந்தையில் சொன்னதே இல்லை. "எனக்கு வேணும்."

ஒன்றும் நடக்கவில்லை. ஃபேன் சுற்றியது. தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனார்கள். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். ஆனால் வெற்றிலைக் கடையில் நிற்கும்போது, அந்த அதிகாரத்தில் மழை என்று ஒன்று வந்ததே, அது எங்கே வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் பார்க்கவேண்டும். வீட்டில் எதையோ பார்க்கவேண்டும் என்று தோன்றியே ரொம்ப நாளாகியிருந்தது.

*

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி. லத்தீப் பாய்க்குப் பச்சை கவுன் மாட்டிவிட்டிருந்தார்கள். தாடிக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை. காதர் பீவி தலைமாட்டில் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியாய்யா, குர்பானிக்கு ஜோடிச்ச ஆடு மாதிரி இருக்கேன்" என்றார் பாய். குரல் மட்டும் பழைய குரல். உதடு காய்ந்து வெடித்திருந்தது. விரிப்புக்கடியிலிருந்து கையை நகர்த்திக் கட்டிலோரம் கொண்டுவந்தார். "வா. எம்புட்டுன்னு ஆரம்பி."

சத்தியநாதன் தோள் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார். விரிப்பை விலக்கி, எல்லாருக்கும் தெரிய பாயின் கையைப் பிடித்தார். கண்ணை மூடினார்.

இம்மட்டும் என்பது வாசல் வரைக்கும் வந்தது. அதை வெளியே விடவில்லை. அப்புறம் ஒன்றும் வரவில்லை. காதர் பீவியின் மணி உருளுவது கேட்டது. வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டது. பாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஆண்டவரே" என்றார் சத்தியநாதன். "பாய் பயப்படுறாரு. நானும் பயப்படுறேன். ஊசி போட்டுத் தூங்குறவரு எந்திரிக்கணும்." மறுபடி நின்றுபோயிற்று. "எனக்கு இந்த ஆளு வேணும். வேற என்ன சொல்றதுன்னு தெரியல. ஆமென்."

"ஆமீன்" என்றார் காதர் பீவி.

பாய் அவர் பக்கம் தலையைத் திருப்பினார். "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு பாய்."

"என்னப்பா இது. வேணும் வேணும்னு இப்படிப் பச்சையாச் சொன்னா, சந்தையில உன்னைய வித்துத் தின்னுட்டுப் போயிருவானுக."

"சந்தையில சொல்ல மாட்டேன்."

பாய் சிரித்தார். இந்த முறை கல் குத்தவில்லைபோல. ஆட்கள் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது, அவர் கை சத்தியநாதனின் கையைவிட்டுப் போவதற்குமுன் ஒருதரம் அழுத்திவிட்டுப் போனது. எத்தனை விரல் என்று சத்தியநாதன் கவனிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் பாய் கண் விழித்துவிட்டார். விழித்ததும், எடுத்த கல்லைக் காட்டு, எடை போட்டுப் பார்க்கவேண்டும் என்று நர்ஸிடம் தகராறு செய்ததாகக் காதர் பீவி போனில் சொன்னார். "நீங்க கேட்டீங்க, நானும் கேட்டேன். யாரு கேட்டதுக்கு அவன் கொடுத்தானோ அண்ணே" என்றார். "கொடுத்தது ஒருத்தர்தானம்மா" என்று மட்டும் சத்தியநாதன் சொன்னார்.

*

வியாழக்கிழமை கிழக்கு வெளுக்குமுன் பொன்னுத்துரையின் வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. வழக்கமாக ஹாரனுக்கு முன்பே சத்தியநாதன் தெருவில் நிற்பார். இன்று வாசல் சாத்தியிருந்தது. மறுபடி அடித்தது. கிருபாவதி கதவைத் திறந்தாள்.

"எங்க மதினி தரகரு? ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. வாசிச்சுக்கிட்டிருக்காரு. இன்னும் கொஞ்சம் இருக்காம்."

"வாசிச்சுக்கிட்டா? நல்ல ஆடெல்லாம் விடியறதுக்குள்ள கைமாறிரும் மதினி. ஆடு நிக்குமா இவருக்காக?"

"நிக்காதுப்பா. அவருக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே வந்தாள். உலையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். சத்தியநாதன் சட்டை போட்டு, துண்டைத் தோளில் போட்டு, கிளம்பத் தயாராகவே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் வேதம். கோடு போடாத பக்கம். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நடுவில் நின்றுபோனார். விரல் அதே இடத்தில் கிடந்தது. கிருபாவதி ஒத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சத்தமா வாசிங்க. எனக்கும் கேக்கட்டும்."

வெளியே பொன்னுத்துரை இன்னொரு முறை ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்தான். சத்தியநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுக்கு விட்டுப்போனதையும் சேர்த்து மேலேயிருந்து மறுபடி ஆரம்பித்தார்.